நாய்க்கு வெறி இருந்ததா என்பது இரண்டாவது கேள்வி

முன்பின் தெரியாத நாய் கடித்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது, "அந்த நாய்க்கு வெறி பிடித்திருக்குமோ?" என்பதைத்தான். வாயில் நுரை தள்ளியதா, சீண்டியதால் கடித்ததா, சும்மா போனவரைத் துரத்திக் கடித்ததா என்று விசாரணை நீளும். அதில் கழிகிற நேரம் வீண். வெறிநோயின் (ரேபிஸ்) அறிகுறி வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே நாயின் எச்சிலில் கிருமி வந்துவிடும். வாலாட்டிக்கொண்டு நின்ற நாயும் அந்தக் கட்டத்தில் இருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் தோலை. பல்லோ நகமோ பட்டுத் தோல் கிழிந்திருக்கிறதா?

துணி கிழியவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். பேன்ட் முழுசாக இருக்க, உள்ளே பல் அழுந்திச் சிராய்த்திருக்கும். நல்ல வெளிச்சத்தில் துணியை விலக்கிப் பாருங்கள். குழந்தை என்றால் தலைமுடிக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள். திட்டு விழும் என்று பயந்து கடியை மறைக்கிற குழந்தைகள் நிறைய.

அடுத்து குழாயடி. ஓடுகிற தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். பெரும்பாலானவர்கள் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். ரேபிஸ் வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். ஆனால் நுரை பல் இறங்கிய குழிக்குள் போக வேண்டும். மேலே தடவிக் கழுவினால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. எரிச்சலூட்டும் பொடி, எண்ணெய், இலைச்சாறு எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தையல் போட்டே ஆக வேண்டிய பெரிய காயம் என்றால், முதலில் காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள்) போய்ச் சேர வேண்டும். தளர்வான தையல் அதற்குப் பிறகுதான்.

இந்த இம்யூனோகுளோபுலின் விஷயத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். "ஊசி போட்டாச்சு" என்று சொல்பவரிடம், "எங்கே போட்டார்கள்?" என்று கேளுங்கள். கையில் மட்டும் என்றால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. தடுப்பூசி போட்டதும் உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தானே தயாரிக்கத் தொடங்கும், ஆனால் அதற்கு 7 முதல் 14 நாட்கள் ஆகும். வைரஸ் அதுவரை காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. காயத்தில் இருந்து நரம்புக்குள் ஏறிவிட்டால் மூளையை நோக்கிப் போகும். இடைப்பட்ட நாட்களில் காயத்திலேயே அதை மடக்க, தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளைக் காயத்தைச் சுற்றியும் ஆழத்திலும் செலுத்துகிறார்கள். மனித இம்யூனோகுளோபுலின் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 20 யூனிட், குதிரையின் ரத்தத்தில் இருந்து எடுத்தது என்றால் 40. 60 கிலோ எடையுள்ளவருக்கு முறையே 1200, 2400 யூனிட் வரை. விரல் நுனி போன்ற இடத்தில் கொஞ்சம்தான் ஏறும், அழுத்திப் போட்டால் ரத்த ஓட்டமே தடைபடும். பல இடத்தில் கடி இருந்து மருந்து போதவில்லை என்றால், உப்புநீரில் கலந்து எல்லாக் காயத்துக்கும் பகிர்ந்து போடலாம். ஒரு காயமும் விடுபடக் கூடாது.

முதல் நாளே போடுவது நல்லது. தவறினால், முதல் தடுப்பூசியில் இருந்து 7 நாட்களுக்குள் போட்டாக வேண்டும். பிறகு உடம்பே எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும், பயனில்லை.

எல்லாருக்கும் இது தேவையா? ரத்தம் வராத லேசான சிராய்ப்பு என்றால் கழுவலும் தடுப்பூசியும் போதும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே உள்ள புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்ட எச்சில், இவற்றுக்குக் கட்டாயம் தேவை. காயமில்லாத தோலை நக்கியதற்கு ஊசியே வேண்டாம், கழுவினால் போதும்.

தடுப்பூசிக்குத் தொப்புளைச் சுற்றிக் குத்துகிற காலம் போய்விட்டது. தசையில் போட்டால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7 நாட்களிலும், 14க்கும் 28க்கும் இடையே ஒன்றும் என நான்கு. 14, 28 இரண்டிலும் சேர்த்து ஐந்து போடும் முறையும் உண்டு. தோலுக்குள் போடும் முறையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தில் 0.1 மில்லி. பெரியவர்களுக்குத் தோள்பட்டைத் தசையிலும், சிறு குழந்தைக்குத் தொடையின் முன்பக்கவாட்டிலும் போட வேண்டும். பிட்டத்தில் போடவே கூடாது, அங்கே போட்டால் எதிர்ப்புச் சரியாக வராது. ஒரு தேதி தவறிவிட்டால் மறுநாளே போய்த் தொடருங்கள், முதலில் இருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. கர்ப்பிணிகளும் தயங்க வேண்டாம். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி தேவையா என்றும் கேட்டுவிடுங்கள்.

கடித்த நாயை 10 நாள் கவனிக்க வேண்டும் என்பார்கள், அது பற்றி ஒரு குழப்பம் இருக்கிறது. நாயைக் கவனித்துவிட்டு அப்புறம் ஊசி என்று அதற்கு அர்த்தமில்லை. ஊசியைத் தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்க வேண்டும். 10-ஆம் நாளும் அது நோயில்லாமல் இருந்தால், கடித்தபோது எச்சிலில் கிருமி இல்லை. மிச்ச ஊசியை மருத்துவர் நிறுத்தலாம். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான். ஓடிப்போன நாய் என்றால் முழுசாகப் போட்டு முடிப்பதுதான் வழி. நாயை அடித்துக் கொன்றுவிட்டால், கவனிக்கிற வாய்ப்பையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

ஊசியெல்லாம் முடிந்த பிறகும் பயம் போகாதவர்கள் உண்டு. காலையில் எழுந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்து, நோயின் அறிகுறியாகத் தொண்டை இறுகுகிறதா என்று பார்ப்பார்கள். பயத்தில் வறண்ட தொண்டை இறுகத்தான் செய்யும், அதைப் பார்த்து இன்னும் பயப்படுவார்கள். அறிகுறி வரும் முன்பே தொற்றைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை கிடையாது, அதைத் தேடி அலைய வேண்டாம். காயத்தைக் கழுவி, இம்யூனோகுளோபுலினும் ஊசியும் காலத்தோடு முறையாகப் போட்டவருக்கு நோய் வருவது மிக மிக அரிது. உங்கள் பயத்தை ஊசி அட்டையில் உள்ள தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்டது இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடிபட்டு வாரங்கள் ஓடிவிட்டன, எதுவுமே போடவில்லை என்பவர்கள் இன்றே போங்கள். அறிகுறி பெரும்பாலும் 2, 3 மாதத்தில் வரும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்ல வேண்டும். வராதவரை தாமதமாகிவிட்டது என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. மாதங்கள் கழித்துப் போனாலும், நேற்றுக் கடித்ததைப் போலவே காயத்துக்கும் கைக்கும் ஊசி போட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஊசி அட்டையைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். மறுபடி எப்போதாவது நாய் கடித்தால், அதைக் காட்டினால் 0, 3 என இரண்டே ஊசி போதும். இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது. குழாயடியில் அந்த 15 நிமிடம் மட்டும் அப்போதும் உண்டு.