மாமாவும் மரமும், நடுவில் ஒரு நாடாவும்

(இரண்டு மரங்கள். நடுவில் ஒரு ஹேமக் துணி, அதாவது இரு மரங்களுக்கு இடையே தொங்கவிட்டுப் படுக்கும் தூளி, தரையில் சுருண்டு கிடக்கிறது. மாப்பிள்ளை கையில் அதை மரத்தில் கட்டப் புது நாடா. மாமா ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வருகிறார். அறுந்த செருப்பு வாரைக்கூடத் தூக்கி எறியாத ஆள் என்பது சாக்கின் கனத்திலேயே தெரிகிறது.)

மாப்பிள்ளை: மாமா, கட்டுவதற்கு முன்னால் ஒரு சின்ன விவரம். தப்பாக நினைக்கக் கூடாது. உங்கள் எடை…

மாமா: 70.

மாப்பிள்ளை: (மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு) 70… கிலோ?

மாமா: பின்னே, டன்னா? எழுதிக்கொள்ளுங்கள். அதிருக்கட்டும், எதற்குப் புது நாடா? கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சாக்கில் இல்லாததா? இதோ, நார்க் கயிறு. ஊரையே கட்டி இழுக்கலாம்.

மாப்பிள்ளை: கயிறு உங்களைத் தாங்கும் மாமா. மரம்தான் கயிற்றைத் தாங்காது.

மாமா: மரத்துக்கு என்ன வந்தது? சும்மா நிற்கிறது.

மாப்பிள்ளை: இலையில் தயாராகிற உணவு வேருக்குப் போகும் வழி, மரப்பட்டைக்கு உள்பக்கத்தில்தான் இருக்கிறது. மெல்லிய கயிறு அந்த இடத்தை அழுத்தி நசுக்கிவிடும். குறைந்தது 2.5 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். தோல் மெல்லிய மரமென்றால் 5 சென்டிமீட்டர் நல்லது.

மாமா: ஒரு 70 கிலோ ஆள் படுத்து எழுந்திருக்க இவ்வளவு ஆராய்ச்சி! சரி, அகலம்தானே? இந்தாருங்கள், நைலான் நாடா. பழைய பையிலிருந்து அறுத்து வைத்தது. மலையேறுகிறவர்களே நைலான் கயிற்றை நம்பித்தான் தொங்குகிறார்கள்.

மாப்பிள்ளை: அவர்கள் விழுந்தால் பிழைக்க வேண்டும் என்பதற்காக அது. விழும்போது கயிறு நீண்டு கொடுத்தால்தான் வெடுக்கென்று இடுப்பு முறியாது. நீங்கள் விழப்போவதில்லை, தூங்கப்போகிறீர்கள்.

மாமா: அதை நீங்கள் எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

மாப்பிள்ளை: நைலானில் கட்டினால் சொல்ல முடியாதுதான். படுக்கும்போது நாற்காலி உயரத்தில் இருப்பீர்கள். நடு இரவில் புல் முதுகில் குத்தும். மழை பெய்தால் இன்னும் மோசம். நைலான் தண்ணீரைக் குடிக்கும். குடித்துவிட்டால் இன்னும் நீளும், வலிமையும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

மாமா: குடித்தால் தள்ளாடுவது நைலானுக்கு மட்டுமா? (தாடையைத் தடவிக்கொண்டு) ஆனால் மழை என்றதும்தான் ஞாபகம் வருகிறது. 72 என்று திருத்திக்கொள்ளுங்கள். சட்டை நனைந்தால் கனக்குமே.

(மாப்பிள்ளை திருத்திக்கொள்கிறார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மருமகனாக இருப்பதற்கு இந்தத் திறமை ஒன்று போதும்.)

மாமா: இது? பளபளவென்று, பஞ்சு மாதிரி எடையே இல்லை. இதற்கு என்ன குறை கண்டுபிடிக்கப்போகிறீர்கள்?

(மாப்பிள்ளை அதில் ஒரு துண்டை வெட்டி, வாளித் தண்ணீருக்குள் அமுக்கிக் கசக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு விடுகிறார். துண்டு மேலே வந்து மிதக்கிறது.)

மாப்பிள்ளை: பாலிபுரொப்பிலீன். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கியிருக்கும்.

மாமா: மிதப்பது நல்ல குணம்தானே?

மாப்பிள்ளை: படகுக்கு நல்லது. தண்ணீர் குடிக்காது, மட்கிப்போகாது, விலையும் குறைவு. ஆனால் வெயில் ஆகாது. வெயிலைத் தாங்கும் ரசாயனம் கலக்காமல் செய்திருந்தால், இழை நைந்து நொறுங்க ஆரம்பித்துவிடும். பாரம் தொங்கிக்கொண்டே இருந்தால் மெதுவாக நீண்டுகொண்டும் போகும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

(மாமா சுரண்டுகிறார். தூள் உதிர்கிறது. அவசரமாக வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.)

மாமா: 75 போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுத்தானே படுப்பேன்.

மாப்பிள்ளை: சரி மாமா.

மாமா: சாக்கில் கடைசியாக ஒன்று இருக்கிறது. இதற்கு நீங்கள் வாயே திறக்க முடியாது. பழைய காரின் சீட் பெல்ட்!

மாப்பிள்ளை: (உண்மையிலேயே அசந்துபோய்) மாமா, இது பாலியெஸ்டர்! நான் வாங்கி வந்ததும் பாலியெஸ்டர்தான். அதிகம் நீளாது, நனைந்தாலும் பலம் குறையாது, வெயிலையும் மற்றதைவிட நன்றாகத் தாங்கும். அகலம்கூட நமக்கு வேண்டியதுதான்.

மாமா: (மரத்தில் சாய்ந்து நின்று) சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். உள்ளே உங்கள் அத்தைக்குக் கேட்கட்டும்.

மாப்பிள்ளை: ஆனால் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக நிற்கிறதே. இந்த கார் எங்கேயாவது மோதியதா?

மாமா: (மரத்திலிருந்து நகர்ந்து) மோதாத கார் எது?

மாப்பிள்ளை: மோதும்போது ஒருமுறை இழுபட்ட பெல்ட்டை அதற்கப்புறம் நம்பக் கூடாது. உள்ளே எந்த இழை போயிருக்கிறது என்று வெளியே தெரியாது.

மாமா: அப்படியானால் உசத்தியான சரக்கு ஒன்று வாங்குவோம். டைனீமா என்று ஒரு இழை சொல்கிறார்களே, எஃகையே மிஞ்சுமாம்.

மாப்பிள்ளை: ஒரே எடைக்கு ஒப்பிட்டால் மிஞ்சும்தான். அனேகமாக நீளாது, சுமந்து போகவும் லேசு. முதுகில் மூட்டையோடு காடு மேடு சுற்றுகிறவர்களுக்கு அது சரி. ஆனால் வழுக்கும், முடிச்சு நழுவிவிடும். விலையோ பாலியெஸ்டரைப் போலப் பல மடங்கு.

மாமா: வழுக்குமா? வேண்டவே வேண்டாம். (காரணம் வழுக்கல்தான் என்று நாமும் நம்புவோம்.) கெவ்லர்? குண்டு துளைக்காத சட்டையில் வைப்பார்களே?

மாப்பிள்ளை: 1965-ல் ஸ்டெபனி க்வோலெக் என்ற பெண் வேதியியலாளர் கண்டுபிடித்த இழை. நெருப்புக்குக்கூட ஈடு கொடுக்கும், வெயில் பட்டால் நலியும். உங்களை யாரும் சுடப்போவதில்லையே மாமா?

மாமா: சீட்டு ஆடுகிற இடத்தில் இரண்டு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பரவாயில்லை, பாலியெஸ்டரையே கொடுங்கள், நான் முடிச்சுப் போடுகிறேன். என் முடிச்சை அவிழ்த்தவன் இன்னும் பிறக்கவில்லை.

மாப்பிள்ளை: முடிச்சே வேண்டாம் மாமா. முடிச்சு விழுந்த இடத்தில் நாடா நெரிந்து பலம் குறையும். சில முடிச்சுகளில் பாதிகூடப் போய்விடும். இதில் முனையை மடித்துத் தைத்த வளையம் இருக்கிறது. மரத்தைச் சுற்றி வந்து அதற்குள் நுழைத்து இழுத்தால் போதும்.

மாமா: (புது நாடாவோடு வந்த விவரச் சீட்டைப் படித்து) 680 கிலோ தாங்குமாமே! அப்புறம் எதற்கு என் எடையைப் போட்டுத் துருவுகிறீர்கள்?

மாப்பிள்ளை: அது நாடா அறுந்துபோகிற அளவு. நம்பிப் படுக்க ஐந்தில் ஒரு பங்குதான் கணக்கு. 136 கிலோ.

மாமா: இருக்கட்டும். 136 எங்கே, 75 எங்கே! நன்றாக விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். கட்டில் மாதிரி சமமாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை: அங்கேதான் வம்பு. இரண்டு பக்கமும் நாடா கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்து நின்றால், ஒவ்வொரு நாடாவிலும் உங்கள் எடை அளவுக்கே இழுவிசை வரும். விறைப்பாக இழுத்து 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால், 75 கிலோவுக்கே ஒவ்வொன்றிலும் சுமார் 430 கிலோ. மரமே குனிந்து பார்க்கும்.

மாமா: (எச்சில் விழுங்கி) 78 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவிக்கொத்தை மறந்துவிட்டேன்.

மாப்பிள்ளை: சரி, 78.

மாமா: ரொம்பத் தொய்ந்தாலும் முதுகு வளையுமே. பேரத்துக்கு வாருங்கள், 20 டிகிரி?

மாப்பிள்ளை: வளையாது மாமா, குறுக்கே கொஞ்சம் சரிந்து படுத்தால் சமமாகத்தான் இருக்கும். சரி, நீங்கள் கேட்டபடியே… (போனில் தட்டுகிறார்) 20 டிகிரியில் 78 கிலோவுக்கு 114. 136-க்கு உள்ளேதான் இருக்கிறது. தாராளமாகக் கட்டலாம்.

(மாமா நாடாவைப் பார்க்கிறார். மரத்தைப் பார்க்கிறார். அத்தை எங்கே இருக்கிறாள் என்று பார்க்கிறார்.)

மாமா: (குரலைத் தாழ்த்தி) மாப்பிள்ளை, ஒரு பேச்சுக்கு… 96 என்று போட்டால் எவ்வளவு வரும்?

மாப்பிள்ளை: யாருக்கு மாமா 96?

மாமா: யாருக்கோ. உலகத்தில் 96 கிலோவில் ஒருவன் இருக்க மாட்டானா?

மாப்பிள்ளை: 140. தாண்டிவிடுகிறது.

மாமா: அப்படியானால் அந்த மனிதன் நல்லா இருக்கட்டும். 30 டிகிரியே கட்டிவிடுங்கள்.