மேட்டூருக்கு வரும் கரி யார் நிலத்தில் இருந்தது?

2023 மார்ச் இறுதியில் காவிரி டெல்டா பகுதியின் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று இடங்களைப் பழுப்பு நிலக்கரி ஏலப் பட்டியலில் ஒன்றிய அரசு சேர்த்தபோது தமிழ்நாடே கொதித்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசம் இல்லை. சில நாட்களில் மூன்றும் பட்டியலை விட்டுப் போயின. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கமும் அப்படித்தான்: 2024 நவம்பரில் ஏலம் போன செய்தி வந்தது, 2025 ஜனவரியில் ரத்து. ரெண்டுக்கும் நானும் பதிவு போட்டேன். பெருமையாக இருந்தது, இப்பவும் பெருமைதான்.

சரி, சேலத்துக்காரனாக ஒரு கேள்வி. ஓமலூர் வழியாக மேட்டூருக்கு வண்டி வண்டியாகப் போகிறதே கரி, அதைத் தோண்டிய ஊரில் இருந்தவர்களை யாராவது கேட்டார்களா?

மேட்டூர் அனல்மின் நிலையத்தின் மொத்தத் திறன் 1,440 மெகாவாட். நம் மின்வாரியத்தின் அனல்மின் நிலையங்கள் பல காலமாக நம்பியிருப்பது ஒடிசாவின் மகாநதி கோல்ஃபீல்ட்ஸ் சுரங்கங்களை. அந்த நிறுவனத்தின் சுரங்கங்களில் ஒரு பகுதி சுந்தர்கட் மாவட்டத்தில் இருக்கிறது. அது ஐந்தாம் அட்டவணைப் பகுதி, அதாவது ஆதிவாசி நிலத்துக்கு அரசியலமைப்பே பாதுகாப்பு கொடுத்திருக்கும் இடம். பாதுகாப்பு எப்படி வேலை செய்தது தெரியுமா? 1980-களில் நிலத்தைக் கையகப்படுத்தினார்கள். இருபது வருடம் கழித்தும் இழப்பீடு வராத குடும்பங்கள் நீதிமன்றம் போனார்கள். 2010-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையமே அமைக்க வேண்டி வந்தது. வழக்கின் கடைசித் தீர்ப்பு 2022-ல். நிலம் போனபோது பள்ளிக்கூடம் போன பையன் தாத்தாவாகியிருப்பான்.

இதற்கு வழிவிட்டது 1957-ல் வந்த நிலக்கரி நிலச் சட்டம். கரி இருக்கும் நிலம் என்று அறிவித்தால் போதும், நிலத்துக்காரரின் சம்மதம் தேவையில்லை. 2013-ல் புது நிலம் எடுப்புச் சட்டம் வந்தபோது சம்மதம் என்ற விதி எழுதினார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்கு உட்படாதவை என்று ஒரு பட்டியலும் போட்டு, 1957 சட்டத்தை அதில் வைத்துவிட்டார்கள்.

ஒடிசாவாவது நாம் விலைக்கு வாங்குகிற இடம் என்று தப்பிக்கலாம். சத்தீஸ்கரில் நாம் பங்காளியாகவே இருந்தோம். ராய்கட் மாவட்டம் தமனார் பகுதியில் கரே பெல்மா செக்டார் 2 என்றொரு நிலக்கரித் தொகுதி. அதை மகாராஷ்டிர அரசு நிறுவனமும் நம் மின்வாரியமும் சேர்ந்து எடுத்தன. கூட்டு நிறுவனத்தின் பெயர் மகாதமிழ்! (பெயர் வைத்த அதிகாரிக்கு ஒரு கும்பிடு.) 2014-ல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க நிலக்கரி ஒதுக்கீடுகளை ரத்து செய்தபோது அதுவும் போனது. பிறகு மகாராஷ்டிர மின் நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்தார்கள், சுரங்கம் நடத்தும் ஒப்பந்தம் அதானி குழுமத்திடம்.

அந்த ஊர்களின் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது. தமனார் பகுதியில் ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று நிலக்கரி சத்தியாகிரகம் நடத்துகிறார்கள். காந்தி பிறந்தநாளில் தங்கள் மண்ணில் தாங்களே கரி வெட்டி எடுக்கிறார்கள். உப்பு போல கரியும் மண்ணுக்குச் சொந்தக்காரருடையது என்பது அவர்கள் வாதம். 1930-ல் வேதாரண்யத்துக்கு உப்பு அள்ளப் போன ராஜாஜி அதற்கு முன் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். இந்த ஊரில் யாருக்கும் அந்தப் போராட்டத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2024 ஜனவரியில் பசுமைத் தீர்ப்பாயம் கரே பெல்மா சுரங்கத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. மக்கள் கருத்துக் கேட்பு ஒழுங்காக நடக்கவில்லை என்பதும் காரணங்களில் ஒன்று. அதே ஆண்டு அனுமதி திரும்ப வந்தது. 2025 ஜூனில் போலீஸ் காவலோடு மரம் வெட்டினார்கள்.

இதெல்லாம் தூரத்துச் சமாச்சாரம் என்பவர்கள் ஏற்காட்டுக்குப் போய் வரட்டும். சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் லாரி லாரியாக மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியது மறந்துபோச்சா? ஒரு கிலோ அலுமினியம் எடுக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும், அதனால் அந்த ஆலை தனக்கென்று கரியில் ஓடும் மின் நிலையமும் வைத்திருந்தது. 1995-ல் ஆலை வேதாந்தா குழுமத்தின் கைக்குப் போனது. 2008 இறுதியில் உருக்குவது நின்றது. அதே குழுமம்தான் ஒடிசாவில் நியமகிரியை வெட்டப் போனது. அங்கே டோங்க்ரியா கோந்து பழங்குடிகளுக்கு மலையே நியம ராஜா என்ற சாமி. 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளையே கேட்கச் சொன்னது, 12 கிராம சபைகளும் முடியாது என்றன, மலை தப்பியது. நம் மலையில் சேர்வராயனும் சாமிதான். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேருகிறார்கள். ஆனால் இங்கே பாக்சைட் வெட்டியபோது எந்தக் கிராம சபையையும் யாரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லும் வன உரிமைச் சட்டம் வந்ததே 2006-ல்தான். இன்னொன்று: தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட கிடையாது. சுந்தர்கட் மக்களுக்குத் தாளிலாவது இருக்கும் பாதுகாப்பு ஏற்காட்டு மக்களுக்குத் தாளில்கூட இல்லை.

இதைப் பேசினால் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "அப்போ கரண்ட் வேண்டாமா? ஃபேனை ஆஃப் பண்ணிட்டுப் பேசு." வேண்டும். மேட்டூர் அனல்மின் நிலையத்தை நாளைக்கே மூடு என்று நான் சொல்லவில்லை, அங்கே வேலை பார்க்கிறவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. ஆனால் டெல்டா விவசாயி வேண்டாம் என்றால் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதுகிறார். தமனார் ஆதிவாசி வேண்டாம் என்றால் அது வளர்ச்சிக்குத் தடையாம். ரெண்டு மக்களும் சொல்வது ஒரே சொல்தானே? போதாக்குறைக்கு 2022-ல் வந்த புது வன விதிகள், கிராம சபை ஒப்புதல் கிடைக்கும் முன்பே ஒன்றிய அரசு காட்டை ஒதுக்க அனுமதி தரலாம் என்று ஆக்கிவிட்டன. இதற்கு எதிராக இங்கே எத்தனை பேர் பதிவு போட்டோம்?

2014-க்குப் பிறகும் நம் மின்வாரியத்துக்கு ஒடிசாவில் நிலக்கரித் தொகுதி ஒதுக்கினார்கள், சந்திரபிலா அதில் ஒன்று. இனி இப்படி ஒரு தொகுதி எடுக்கும்போது, அதற்குள் எந்தெந்த ஊர் வருகிறது, அந்தக் கிராம சபைகள் என்ன தீர்மானம் போட்டன என்பதைத் தமிழில், தமிழ்நாடு அரசே வெளியிடட்டும். மின்துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் எந்த எம்எல்ஏவும் இதைக் கேட்கலாம். ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. முதலில் அந்தத் தொகுதியின் எம்எல்ஏ கேட்கட்டும் என்று இந்த வாரம் அவருக்கு மனு எழுதப்போகிறேன். கையெழுத்துப் போட விருப்பம் இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.