மேரி டயர் சிலையில் மாற வேண்டியது பீடத்து எழுத்து

அமெரிக்காவின் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் கிழக்குப் புறத்தில் மேரி டயரின் வெண்கலச் சிலை இருக்கிறது. குவேக்கர் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்த அவர், தன் சமய நம்பிக்கைக்காக 1660-இல் தூக்கிலிடப்பட்டவர். சிலையை 1959-இல் வைத்தார்கள். வடித்தவர் சில்வியா ஷா ஜட்சன், அவரும் குவேக்கர். சிலையைத் தொடவே வேண்டாம், பீடத்து எழுத்துக்குத்தான் திருத்தம் தேவை என்பது என் கருத்து.

சிலையில் தூக்குக்கயிறு இல்லை, உயர்த்திய கை இல்லை. சாதாரண உடையில் ஒரு பெண் கைகளை மடியில் வைத்து, தலை சற்றுக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். மரபான குவேக்கர் ஆராதனை நடப்பதும் இப்படித்தான்: போதகர் கிடையாது, எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள், உள்ளே ஏவுதல் வந்தவர் மட்டும் பேசுவார். கல்லறைக்கல்லையே பெருமை என்று தவிர்த்த சபை அது. அந்தச் சபையின் பெண்ணுக்குச் சிலை வைப்பதானால் இதைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தோன்றவில்லை. இதே சிலையின் பிரதிகள் பிலடெல்பியாவிலும் இண்டியானாவின் எர்ல்ஹாம் கல்லூரியிலும் இருக்கின்றன.

இனி பீடம். ‘குவேக்கர், சமயச் சுதந்திரத்தின் சாட்சி, 1660-இல் பாஸ்டன் காமனில் தூக்கிலிடப்பட்டார்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். ‘சாட்சி’ என்ற சொல் சரியாக விழுந்திருக்கிறது. நம்பிக்கைக்காக உயிர்விட்டவரைத் தமிழ்க் கிறித்தவர்கள் ‘இரத்தசாட்சி’ என்று சொல்வதை நினைத்துக்கொண்டால் அதன் முழு எடையும் தெரியும்.

இடம்தான் சந்தேகம். காமன் என்பது சிலைக்கு எதிரே உள்ள பொதுப் புல்வெளி. அன்றைய தூக்குமரம் அங்கே இல்லை, தெற்கே சுமார் ஒரு மைல் தள்ளி ‘நெக்’ எனப்பட்ட ஒடுங்கிய நிலப்பட்டையில் இருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் வரும் ஒரே தரைவழி அது. இன்றைய வாஷிங்டன் தெரு அதன் மேல்தான் போகிறது. பின்னாளில் இரு பக்கமும் கடலைத் தூர்த்துவிட்டதால் நெக் அடையாளமே தெரியாமல் போனது. ஊர் நினைவில் காமன் மட்டும் தங்கிவிட்டது.

என்னை அதிகம் உறுத்துவது பீடத்தில் உள்ள மேற்கோள். 1659-இல் மரண தண்டனை விதித்த பிறகு மேரி நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதத்திலிருந்து ஒரு வரி எடுத்திருக்கிறார்கள்: சத்தியத்தின் விடுதலையோடு ஒப்பிட்டால் என் உயிர் எனக்குப் பயனில்லை. கடிதத்தில் அந்த வாக்கியம் இன்னும் நீளம். ஜீவனுள்ள தேவனின் ஊழியக்காரர்களுடைய உயிர்களும் விடுதலையும் அதில் வருகின்றன. பீடத்தில் அந்த உயிர்கள் உதிர்ந்துவிட்டன. அவர் தன் உயிரைப் பிச்சை கேட்கவில்லை. மற்றக் குவேக்கர்களைக் கொல்லும் சட்டத்தை நீக்கச் சொன்னார். அந்தச் சட்டம் படிப்படியாக ஏறியது. 1656-இல் குவேக்கர்களை ஏற்றிவந்த கப்பல் தலைவனுக்கு 100 பவுன் அபராதம்; 1657-இல் திரும்பி வரும் குவேக்கருக்குக் காதறுப்பு; 1658 அக்டோபரில், நாடு கடத்தப்பட்டவர் திரும்பி வந்தால் மரணம்.

திரும்பி வந்தவர் அவர் மட்டுமல்ல. 1659 அக்டோபர் 27 அன்று வில்லியம் ராபின்சனும் மார்மடூக் ஸ்டீவன்சனும் அவர் கண்முன்னே தூக்கிலிடப்பட்டார்கள். கைகால் கட்டி, முகம் மூடி, ஏணியில் நின்ற நிலையில் மேரியை மட்டும் தூக்கிலிடாமல் இறக்கிவிட்டார்கள். அடுத்த மே மாதமே மறுபடி வந்தார். ஜூன் 1 அன்று தூக்கு. 1661 மார்ச் 14 அன்று வில்லியம் லெட்ரா. அதன் பிறகுதான் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸின் ஆணை வந்து தூக்கு நின்றது. கசையடி நிற்கவில்லை. மூன்று ஆண்களின் பெயரும் பீடத்தில் இல்லை.

பழைய குவேக்கர் ஏடுகளில் தேதி பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் மாதத்துக்குப் பெயர் எழுத மாட்டார்கள், எண்தான். 1752 வரை அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். ‘8-ஆம் மாதம் 27’ என்றால் அக்டோபர் 27. ஆண்டும் மார்ச் 25-இல்தான் மாறும். லெட்ராவின் மரணத்தைப் பலர் 1660 என்று எழுதுவது இதனால்தான்.

திருத்துவது எப்படி? கல்லை இழைத்து மீண்டும் பொறித்தால் அந்த இடம் பள்ளமாகி நிறம் மாறித் தெரியும். பீடத்தில் துளையிட்டுத் தகடு பொருத்தினால் துளையில் நீர் இறங்கும்; பாஸ்டன் குளிரில் அது உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். இரும்புத் திருகு போட்டால் துருக்கறையும் சேரும். அதனால் பீடத்தை விட்டுத் தள்ளி, முழங்கால் உயரத்தில் ஒரு சாய்வுப் பலகை நிறுத்துவதே சரி. அதில் கடிதத்தின் முழு வாக்கியம், தூக்குமரம் நின்ற இடம், நான்கு பெயர்கள், மூன்று தேதிகள். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் படிக்கத் தோதான சாய்வில் அது இருக்க வேண்டும்.