மழை வரும் மாதம் தெரியும், கான் துப்புரவாக்கும் திகதிதான் தெரியாது

ஐப்பசி பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. மட்டக்களப்பு, கோட்டைமுனையில் வெயில் இன்னும் மண்டையைப் பிளக்குது. இந்த நேரத்தில் மழையைப் பற்றி எழுதினால் "இந்தாளுக்கு வேற வேலை இல்லையா" என்று நினைப்பீர்கள். நினையுங்கள். நம்ம ஊரில் மழைக்கு முன்னால் மழையைப் பற்றிப் பேச ஆளில்லை. என் முறைப்பாடே அதுதான்.

பெரிய செய்திக்கு இங்கே பஞ்சமில்லை. எவர் எந்தக் கட்சிக்குத் தாவினார், கொழும்பில் யார் யாரைத் திட்டினார், எல்லாம் பத்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். ஆனால் நம்ம ஒழுங்கைக்கு உக்காத கழிவு எடுக்கும் வண்டி எந்தக் கிழமை வரும், முன்னால் உள்ள தண்ணீர் வடிகிற கானை எப்போது துப்புரவாக்குவார்கள், நுளம்புக்குப் புகை அடிக்க என்றைக்கு வருவார்கள் என்று கேட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் போக வேணும். அவவுக்கும் தெரியாவிட்டால் படலையடியில் காத்திருக்க வேண்டியதுதான்.

அறிவித்தல் வருவதில்லை என்று சொல்ல மாட்டேன். வரும். "மழை காலம் ஆரம்பமாகவுள்ளமையினால் பொதுமக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." சரி, அவதானமாக இருக்கிறோம். இருந்துகொண்டு என்ன செய்வது? திகதி இல்லை, இடம் இல்லை, யாருக்கு அழைப்பது என்று இல்லை. கீழே ஒரு முத்திரை மட்டும் வடிவாக இருக்கும். திகதியும் இடமும் தொலைபேசி இலக்கமும் இல்லாத காகிதத்தை நான் அறிவித்தல் கணக்கில் சேர்ப்பதில்லை. அது எழுதியவர் தன் பொறுப்பைக் கழற்றி வைத்ததற்கான பற்றுச்சீட்டு.

இத்தனைக்கும் நம்ம மழை களவாக வருகிற மழை இல்லை. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கு இது, நம்ம பாட்டன்மாரின் கணக்கும் இதுதான். பெரிய அழிவுகளின் திகதியைப் பாருங்கள். சூறாவளி அடித்தது 1978 நவம்பர் 23. நம்ம மாவட்டத்தை மூழ்கடித்த பெருவெள்ளம் 2011 ஜனவரி. உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த வைத்த மழை 2024 நவம்பர் கடைசி. டித்வா புயல் 2025 நவம்பர் கடைசி. இவ்வளவு ஒழுங்காக வரும் விருந்தாளியை ஒவ்வொரு வருடமும் "எதிர்பாராத மழை" என்று எழுத எப்படித்தான் மனம் வருகுதோ தெரியாது.

இப்போது ஒரு கணக்கு. "100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை" என்று வானொலியில் சொல்லும்போது நமக்கு ஒன்றும் உறைப்பதில்லை. நாலு அங்குலம்தானே! ஆனால் ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் தண்ணீர். 10 பேர்ச் வளவு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அப்படியானால் 100 மில்லிமீற்றர் மழைக்கு அந்த ஒரு வளவுக்குள் மட்டும் விழுவது 25,000 லீற்றருக்கு மேல். கூரைக்கு மேலே வைக்கிற 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கி இருக்கே, அதில் 25ஐ நிரப்பிக் கொண்டுவந்து முற்றத்தில் கவிழ்த்த மாதிரி. உங்கள் ஒழுங்கையில் எத்தனை வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

முந்தி இந்தத் தண்ணீரை மணல் குடித்தது. வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள நம்ம எழுவான்கரை முழுக்க மணல்தானே. முற்றம் மணல், எல்லை கிடுகு வேலி, இல்லாவிட்டால் கம்பி வேலி. தண்ணீருக்கு யார் காணி என்று தெரியாது, வேலிக்குள்ளால் பூந்து தாழ்வான பக்கம் போய்விடும். இப்போது முற்றத்துக்கு இன்ரலொக் கல், எல்லைக்கு ஆள் உயர மதில். அதுவும் போதாதென்று பத்துப் பதினைந்து லோட் கிறவல் போட்டு வளவை ரோட்டை விட ஓரடி உயர்த்துகிறோம். கேட்டால் "போன முறை வீட்டுக்குள்ள தண்ணி வந்திட்டுது" என்பார்கள். நியாயம்தான். ஆனால் உங்கள் வளவில் இருந்த தண்ணீர் எங்கே போகும்? பின்வளவில் தகரக் கொட்டிலில் இருக்கிற குடும்பத்தின் அடுப்படிக்குள் போகும். காசுள்ளவன் வளவை உயர்த்த உயர்த்த, இல்லாதவன் வளவு தானாகத் தாழ்ந்துகொண்டு போகிறது. மண்வெட்டியே வைக்காமல் பள்ளம் தோண்டுவது இப்படித்தான். நம்ம ஊர் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பகுதியை எல்லாரும் நாசூக்காகத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் மதில் கட்டியது வேறு யாருமில்லை, நாங்கள்தான்.

கானும் அப்படித்தான். துப்புரவாக்கவில்லை என்று திட்டுகிறோம், திட்டத்தான் வேணும். ஆனால் கடைக்கு முன்னால் கானை மூடிக் கொங்கிறீட் போட்டு, ஒரு மூடிகூட விடாமல், அதற்கு மேலே வாழைக்குலையும் வாளியும் அடுக்கி வைத்தால் துப்புரவாக்க வந்தவர் எந்தப் பக்கத்தால் இறங்குவார்? குளியலறைக் குழாயைக் களவாகக் கானுக்குள் விட்டவர்கள் எத்தனை பேர் என்று மழை பெய்யும் நாளில் மூக்கே சொல்லும். இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிலின் அடியில் தண்ணீர் போக இரண்டு மூன்று துவாரம் விடுங்கள். முற்றத்தில் ஒரு பகுதியையாவது மண்ணாகவே விடுங்கள். கூரைப் பீலிக்குள் கிடக்கிற சருகைத் தள்ளுங்கள். மின்கம்பியில் முட்டுகிற தென்னோலையை மட்டும் நீங்களே கொக்கத்தடியால் இழுக்கப் போகாதீர்கள், மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, அம்பியூலன்ஸுக்கு 1990. கைபேசியில் சார்ஜ் இருக்காது என்பதால் இவற்றைச் சுவரிலும் எழுதி வைப்பது நல்லது.

டெங்கு பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் இரண்டு விஷயம் மட்டும். ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை சிரமதானம் செய்து படம் போடுவதில் பிரயோசனம் இல்லை, கிழமைக்கு ஒருமுறை வளவைச் சுற்ற வேணும். அடுத்தது, அந்த முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்துபோய்க் கிடந்தாலும் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உரஞ்சிக் கழுவ வேணும். ரயரையும் சிரட்டையையும் பார்க்கிறோம். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டை யார் பார்க்கிறார்கள்? நம்ம ஊருக்கே உரிய இன்னொன்று தயிர்ச்சட்டி. தயிரைச் சாப்பிட்டுவிட்டுச் சட்டியை "ஏதும் செடி வைக்கலாம்" என்று மதிலோரம் அடுக்காத வீடு மட்டக்களப்பில் இருக்கா? புகை அடித்தால் பறக்கிற நுளம்புதான் சாகும், சட்டிக்குள் இருக்கிற புழு சாகாது. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும். இபுபுரோபன், அஸ்பிரின், டைக்குளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை எழும்பி விளையாடுது என்று ஆறுதல்படுகிற அந்த நேரம்தான் டெங்குவில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரம்.

வெள்ளாமைக்காரருக்கு: எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரைக்கு வயலுக்குள் இறங்கும் முன்னமே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், இல்லாவிட்டால் உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ) கேளுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் கட்டாயம். கிணற்றுக்குள் வெள்ளத் தண்ணீர் போயிருந்தால் குளோரின் போடும்வரை அதைக் குடிக்க வேண்டாம். நம்ம மணல் நிலத்தில் மழைக்கு நிலத்தடி நீர் மேலே வரும்போது மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் "கிணத்துத் தண்ணி ருசி" என்று சொல்பவர்கள் மாரி முடியும் வரையாவது கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

தண்ணீர் பாய்கிற ரோட்டைக் கடப்பது பற்றி நான் மென்மையாக எழுதப் போவதில்லை. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்தபோது மதரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போனது. சிறு பிள்ளைகள் இறந்தார்கள். உழவு இயந்திரம் பாரமானது, உயரமானது, ஒன்றும் ஆகாது என்று நம்புவோம். ஓடுகிற தண்ணீர் அந்த நம்பிக்கையைக் கணக்கெடுப்பதில்லை. முழங்காலளவு தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால் நின்று பிடிக்க ஆளாலும் முடியாது, சின்ன வாகனத்தாலும் முடியாது. கிரான், புலிபாய்ந்தகல் பாதை மாரிக்கு மாரி மூழ்கும், தோணியில்தான் போக்குவரத்து நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் "நான் இந்த ரோட்டில பொறந்து வளந்தவன்" என்று மோட்டார் சைக்கிளை இறக்குகிற ஒருவர் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார். அந்த இடங்களில் பொலிஸார் கயிறு கட்டி மறித்தால் அவர்களோடு வாக்குவாதப்பட வேண்டாம். மாரியில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தால் பரீட்சை நிலையத்துக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டை இப்போதே பேசி வையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சை அனுமதி அட்டை எல்லாம் ஒரு தடித்த பொலித்தீன் பைக்குள்.

வீடு வளவுக்குச் சோலைவரி கட்டுபவர்களுக்கு ஒரு சின்ன நினைவூட்டல்: முழு வருடத்துக்குமான தொகையை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 சதவீதம் கழிவு உண்டு. கட்டப் போகிற அன்றைக்கே உங்கள் வட்டாரத்துக் கானைப் பற்றியும் எழுத்தில் ஒன்று கொடுத்துவிட்டு வாருங்கள், பிரதியில் கையொப்பமும் வாங்கிக்கொண்டு.

கடைசியாக, என் மனதில் நெடுநாளாகக் கிடக்கிற விஷயம். முகத்துவாரம்.

நம்ம வாவி 56 கிலோமீற்றர் நீளம். படுவான்கரைக் குளங்கள் வான் பாய்ந்து வருகிற தண்ணீர், வயல் வடிச்சல், நகரத்துக் கான் எல்லாம் கடைசியில் வந்து விழுவது இதற்குள்தான். கடலுக்குப் போக இதற்கு இரண்டு வாய். 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிற பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, தெற்கே கல்லாற்றில் ஒன்று. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் வாவி நிரம்பும்போது பெக்கோ இயந்திரத்தை இறக்கி வெட்டுவார்கள். வெட்டாத வரைக்கும் நகரத்துக் கானை நீங்கள் பளிங்கு மாதிரி வைத்திருந்தாலும் தண்ணீர் போகாது. வாவி உயரமாக இருந்தால் கான் வழியாகத் தண்ணீர் திரும்பி வீட்டுப் பக்கம்தான் வரும்.

எப்போது வெட்டுவது என்பதுதான் பிரச்சினை. பெரும்போகம் விதைத்தவர் முளைத்த பயிர் தண்ணீருக்குள் நாள்கணக்கில் கிடந்தால் அழுகிவிடும் என்று உடனே வெட்டச் சொல்வார். வாவியில் வலை வீசுகிறவர் அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும், பிறகு மழை நின்றால் வாவி வற்றி உப்பேறும் என்பார். தாழ்வான ஒழுங்கைகளில் இருக்கிற நாங்கள் முற்றத்தில் தண்ணீர் வந்ததும் கத்துவோம். மூன்று பேரிலும் பிழை இல்லை. எனக்குப் பிடிக்காதது முடிவு எடுக்கப்படுகிற விதம். யார் பெரிய சத்தம் போடுகிறார்கள், யாருக்கு எந்த அரசியல்வாதியின் இலக்கம் தெரியும் என்பதைப் பார்த்து வெட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. வாவி இத்தனை அடிக்கு வந்தால் வெட்டுவோம் என்று கமக்காரர், மீனவர், நகரத்தார் எல்லாரையும் புரட்டாதியிலேயே ஒன்றாக இருத்திப் பேசி முடித்து, அந்த அளவை ஊருக்குச் சொல்லிவிட்டால் மார்கழியில் சண்டை குறையும்.

வெட்டுகிற நேரத்தையும் முன்கூட்டிச் சொல்ல வேணும். இப்போது இயந்திரம் மணலுக்குள் நிற்கிற படம் வந்த பிறகுதான் பாதிப் பேருக்குத் தெரியவருகிறது. வாய் திறந்ததும் அந்த இடத்தில் நீர் இழுக்கிற இழுவையில் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் நிற்க முடியாது. அங்கே தூண்டில் போடுகிறவர்களும் பிள்ளைகளைத் தோளில் வைத்து வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பெரிய திட்டம், வெளிநாட்டு உதவி ஒன்றும் தேவையில்லை. கல்லடிப் பாலத்தின் ஒரு தூணில் வெள்ளையும் சிவப்புமாக அடிக்கணக்கைப் பெரிதாகப் பூசி, வெட்ட வேண்டிய அளவில் ஒரு தடித்த கோடு போட்டுவிட்டால் வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, மீன்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டு போவார்கள். அனுமதி தரக்கூடியவர்கள் இதை வாசித்தால் பெயின்ற் செலவு என்னுடையது, மாரி முடியும் வரை தினமும் காலையில் படம் எடுத்து இங்கே போடுகிற வேலையும் என்னுடையது.