குன்னார் நோர்டாலை ஏன் மறந்தோம்?

1950களின் கால்பந்து ஸ்ட்ரைக்கர்கள், அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை வீரர்கள், என்று பேச்செடுத்தால் புஷ்காஸ், கோச்சிஷ், டி ஸ்டெஃபனோ என்று மூன்று பெயரோடு முடித்துக்கொள்கிறோம். அந்த வரிசையில் சுவீடனின் குன்னார் நோர்டால் இல்லாததற்கு ஆட்டம் காரணமே இல்லை, ஒரு விதி காரணம் என்பது என் கட்சி. அந்த விதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு.

இத்தாலியின் சீரி ஆ லீக்கில் 291 ஆட்டங்கள், 225 கோல்கள். அந்த லீக்கின் மொத்தப் பட்டியலில் அவருக்கு மேலே இருவர்தான். பியோலா 274, டோட்டி 250. ஆனால் டோட்டி அதற்கு 619 ஆட்டங்கள் எடுத்துக்கொண்டார், பியோலா 537. ஆட்டத்துக்கு எத்தனை கோல் என்று வகுத்தால் நோர்டாலுக்கு 0.77, பியோலாவுக்கு 0.51, டோட்டிக்கு 0.40. லீக்கின் அதிக கோல் அடித்தவர் பட்டத்தை ஐந்து முறை வாங்கினார். இன்றுவரை வேறு யாரும் ஐந்தைத் தொடவில்லை. ஏசி மிலானுக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து அடித்த 221 கோல்கள் இன்னும் அந்த கிளப்பின் சாதனை.

"அந்தக் காலத்தில் கோல் அடிப்பது சுலபம்" என்பார்கள். பாதி உண்மை. 1949-50 சீசனில் 20 அணிகள், 38 ஆட்டங்கள். சாம்பியன் யுவென்டஸ் 100 கோல், இரண்டாம் இடம் வந்த மிலான் 118 கோல். தற்காப்பை இறுக்கிப் பூட்டும் முறை அப்போது பெரிதாகப் பரவியிருக்கவில்லை. போதாக்குறைக்கு 1949 மே மாதம் சூப்பெர்கா விமான விபத்தில் அப்போதைய சாம்பியன் டொரினோ அணியே அழிந்துபோயிருந்தது. அந்த சீசனில் நோர்டால் 37 ஆட்டங்களில் அடித்த 35 கோல்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து பார்க்கலாம், தப்பில்லை. (அந்த 35ஐத் தாண்ட 2016 மே மாதம் நாபோலி அணியின் ஹிகுவாயின் வரவேண்டியிருந்தது, 36 கோல்களோடு.)

ஆனால் 1952-53ல் 26 கோல் அடித்து மறுபடியும் முதலிடம், 1953-54ல் 23 அடித்து முதலிடம், 1954-55லும் அவரே. எண்ணிக்கை அந்த 35லிருந்து இறங்கியது, இடம் இறங்கவில்லை. கோல் எல்லோருக்கும் கஷ்டமான காலத்திலும் முன்னால் நின்றவர் அவர்தான். இடையில் 1951-52ல் மட்டும் யுவென்டஸின் டென்மார்க்காரர் ஜான் ஹான்சன் 30 கோலோடு முந்தினார்.

இன்னொரு வாதம், மிலானில் உடன் ஆடிய சுவீடன்காரர்கள் கிரேனும் லீட்ஹோல்மும் பந்தை ஊட்டிவிட்டார்கள், இவர் முடித்தார் என்பது. மூன்று பேரையும் சேர்த்து இத்தாலியர் 'கிரே-நோ-லி' என்றார்கள். முன்வரிசையில் கிரேன் உள் வலது, லீட்ஹோல்ம் உள் இடது, நடுவில் நோர்டால். 1950 பிப்ரவரியில் டூரினில் போய் யுவென்டஸை 7-1 என்று அடித்தபோது நோர்டால் ஹாட்ரிக். ஆனால் அவர் மிலானில் இறங்கியது 1949 ஜனவரி. மற்ற இருவரும் வருவதற்கு முன்பே அந்த அரை சீசனில் 15 ஆட்டங்களில் 16 கோல். 1953ல் கிரேன் கிளம்பிப் போன பிறகும் இரண்டு சீசன் அவரே முதலிடம். ஊட்டியது யார் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

ஆள் 90 கிலோவுக்கு மேல். சுவீடனின் வடக்கே ஹோர்னெஃபோர்ஸில் 1921ல் பிறந்தவர், வேலை தீயணைப்புத் துறையில். அதனால்தான் இத்தாலியில் 'இல் பொம்பியேரே', தீயணைப்புக்காரர் என்ற பட்டப்பெயர். முதுகால் டிஃபெண்டரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பந்து வந்ததும் உடம்பைத் திருப்பி அடிப்பது அவர் பாணி. உடம்பைப் பார்த்து வெறும் முரட்டு ஆள் என்று நினைத்தால் 1948 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியைப் பாருங்கள். டென்மார்க்குக்கு எதிராகத் தாக்குதல் நடக்கும்போது தான் ஆஃப்சைடில், அதாவது எதிரணித் தற்காப்பைத் தாண்டி கோல் பக்கம் நிற்கும் தவறில், மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரிந்துவிட்டது. நின்றால் கோல் செல்லாது. பின்னால் திரும்பி ஓடிவரவும் நேரமில்லை. கோட்டைத் தாண்டி நேராக வலைக்குள் குதித்துவிட்டார். மைதானத்துக்கு வெளியே போனவர் ஆட்டத்தில் தலையிடவில்லை என்று கணக்கு. ஹென்ரி கார்ல்சன் தலையால் முட்டிய பந்தை வலைக்குள் நின்றிருந்த நோர்டால் கையில் பிடித்தார். கோல் செல்லும் என்றார் நடுவர். அந்த அரை நொடியில் விதிப்புத்தகத்தைப் புரட்டிய மூளை அது! சுவீடன் 4-2 என ஜெயித்து, இறுதியில் யூகோஸ்லாவியாவை 3-1 என வீழ்த்தித் தங்கம் வாங்கியது. அண்ணன் பெர்டிலும் சகோதரர் க்னூட்டும் அதே அணியில்.

இனி அந்த விதி. காசு வாங்கி ஆடுபவர் தேசிய அணியில் ஆடக்கூடாது என்பது சுவீடன் சங்கத்தின் கொள்கை. மிலானில் கையெழுத்திட்ட அன்றே நோர்டாலின் தேசிய வாழ்க்கை முடிந்தது. 33 ஆட்டம், 43 கோல். வயது 27. ஒப்பிட்டுப் பார்க்க, ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் 122 ஆட்டங்களில் 62.

1950 உலகக்கோப்பைக்கு மூவரும் இல்லாமல் பிரேசில் போன சுவீடன், நடப்புச் சாம்பியன் இத்தாலியை 3-2 என வெளியேற்றியது. கடைசிச் சுற்றில் உருகுவேக்கு எதிராக 2-1 என முன்னிலை. 77வது, 85வது நிமிடங்களில் மிகெஸ் இரண்டு கோல் போட்டு 3-2 என்று பறித்துக்கொண்டார். மூன்றாம் இடத்தோடு திரும்பிய அந்த அணியிலிருந்தும் ஸ்கோக்லுண்ட், யெப்சன், பால்மேர் என்று ஒவ்வொருவராக இத்தாலிக்குப் போனார்கள், அவர்களுக்கும் அதே கதவு அடைபட்டது. 1954 உலகக்கோப்பைக்கு சுவீடன் தகுதியே பெறவில்லை. சொந்த மண்ணில் நடந்த 1958க்குத்தான் கதவைத் திறந்தார்கள். 37 வயது கிரேனும் 35 வயது லீட்ஹோல்மும் இறுதி ஆட்டம் வரை போனார்கள், நான்காவது நிமிடத்தில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோலைப் போட்டதே லீட்ஹோல்ம்தான். 36 வயது நோர்டால் அணியில் இல்லை.