அந்தப் பெடியன் தனியாகவா மருந்து போட்டான்?

போன மாதம் அஞ்சலோட்டத்தில் மெடல் எடுத்த ஒரு பாடசாலைப் பெடியன் ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டிருக்கிறான். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். கீழே நீங்களும் எழுதாதீர்கள், எழுதினால் அழிப்பேன்.

இன்று காலை பஸ்ஸில் போகும்போது அந்தப் பாடசாலை மதிலைப் பார்த்தேன். போன மாதம் கட்டிய பேனர் இன்னும் தொங்குகிறது. அஞ்சலோட்டம் ஓடிய நாலு பெடியன்கள், ஓரத்தில் கோச். இரண்டாவது பெடியனின் முகத்துக்கு மேல் அனுசரணை கொடுத்த கடையின் விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே அவன் அப்படியே நிற்கிறான், மெடலும் தொங்குகிறது. கோச்சின் சிரிப்பில் ஒரு கீறல் இல்லை.

அதைப் பார்த்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். அந்தப் பெடியன் தனியாகவா மருந்து போட்டான்?

பதினேழு வயது. பஸ் காசுக்கு அம்மாவிடம் கை நீட்டுகிற வயது. எந்த மருந்து, எத்தனை கிழமைக்கு, பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது, இந்தக் கணக்கெல்லாம் அவன் கணிதப் பாடத்தில் படித்தானா? யாரோ வாங்கினார்கள். யாரோ காசு கொடுத்தார்கள். யாரோ "ஒண்டும் ஆகாதடா, போடு" என்றார்கள். அந்த யாரோவின் முகத்தில் ஒருவரும் விளம்பரம் ஒட்டவில்லை.

எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணா, "பள்ளிக்கூடத்தின்ர பேரைக் கெடுத்திட்டான், கள்ளன்" என்று எழுதினார். போன மாதம் இதே அண்ணாதான் அவனைத் தோளில் தூக்கி வைத்து வீடியோ போட்டவர். அப்போது "எங்கட சிங்கம்". சரி.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1994, சுகததாச விளையாட்டரங்கு, நான் 800 மீற்றர். ஓடுவதற்கு அரை மணித்தியாலம் இருக்கும்போது மாஸ்டர் என்னைப் படிக்கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டார். பிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பா ஒன்றைத் திறந்து, வெள்ளைக் குளிசை ஒன்றை உள்ளங்கையில் வைத்தார். "விற்றமின். போடு." போட்டேன். தண்ணீர் கூட இல்லை, எச்சிலோடு விழுங்கினேன். என்ன குளிசை என்று கேட்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் அது என்னவென்று தெரியாது. வெறும் குளுக்கோஸாகவும் இருக்கலாம், ஏனென்றால் நாலாவதாகத்தான் வந்தேன். ஆனால் அன்று யாராவது போத்தலை நீட்டி என் சிறுநீரைக் கேட்டிருந்தால், கள்ளன் நான்தான்.

இப்போது சிலர் வருவார்கள், "விதி தெரியாதா?" என்று. தெரியும். உடம்புக்குள் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. எங்கள் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க 2011இல் தோள் வலிக்கு எடுத்த மூலிகை மருந்தால் மாட்டினார். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று ஏற்றுக்கொண்ட பிறகும் மூன்று மாதத் தடை. ஆனால் அதே விதிப் புத்தகத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது: சிறு வயது வீரருக்கு மருந்து கொடுக்கிற பயிற்சியாளருக்கு ஆயுள் தடை வரைக்கும் போகலாம். நம் நாட்டிலேயே விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிராக 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாராவது புரட்டினீர்களா?

ரஷ்யாவின் கமிலா வலியேவா 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தரையில் சறுக்கும்போது வயது 15. அகப்பட்டது இதய நோயாளிகளுக்குக் கொடுக்கிற மருந்து. நாலு வருடத் தடை அவளுக்கு. அவளைச் சுற்றி நின்ற பெரியவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது?

கிரிக்கெட் வீரர் குசல் பெரேராவையும் மறந்துவிட்டீர்கள். 2015 டிசம்பரில் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டில் அவரை நிறுத்தினார்கள், இதே முகநூல் கிழித்துத் தொங்கவிட்டது. அடுத்த மே மாதம் குற்றச்சாட்டையே திரும்பப் பெற்றார்கள். பெடியனும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

"அப்ப சுத்தமாக ஓடின பிள்ளைக்கு என்ன நியாயம்?" என்று ஒரு தங்கச்சி உள்பெட்டியில் கேட்டார். நியாயமான கேள்வி. மெடலைப் பறியுங்கள், அடுத்தவருக்குக் கொடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். எங்கள் ஓட்ட வீராங்கனை சுசந்திகா 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் ஓடிய ஓட்டத்துக்கு வெள்ளி கிடைத்தது 2009இல், முதலாவதாக வந்த அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் மருந்து போட்டதை மறைத்த பொய் வெளியே வந்த பிறகு. நாலாவது இடத்தின் வலியை எனக்குச் சொல்லித்தர வேண்டாம், தங்கச்சி. 1994இல் எனக்கு முன்னால் மூன்றாவது வந்தவன் ஒரே தவணை விடுமுறையில் இரண்டு பங்காகி வந்திருந்தான். அவன் தோளை நான் இன்னும் மறக்கவில்லை. சந்தேகம்தான், ஆதாரம் இல்லை, முப்பது வருடமாகியும் வயிற்றுக்குள் கிடக்கிறது. ஆனால் அவனிடமும் ஒரு கறுப்பு டப்பாவை யாரோ நீட்டியிருப்பார்கள் அல்லவா?

போன கிழமை என் மகன் வெள்ளவத்தையில் ஜிம் ஒன்றிலிருந்து ஒரு பெரிய டப்பாவோடு வந்தான். வயது 15. பாதி லேபிளைக் காணவில்லை. ஜிம்முக்குப் போன் எடுத்துக் கேட்டால், "அங்கிள், வெறும் புரோட்டீன்தான், எல்லாப் பிள்ளைகளும் எடுக்குது" என்கிறார் அந்தத் தம்பி. அப்படிச் சொல்லி விற்கிற மாவுகளில் ஸ்டீரொய்ட் கலந்து அகப்பட்ட கதைகள் உலகம் முழுக்க உண்டு. வளருகிற வயதில் அது உள்ளே போனால் எலும்பு நுனியில் இருக்கிற குருத்து நேரத்துக்கு முன்னால் மூடிவிடும், பிறகு உயரம் வராது. பெண் பிள்ளைகளுக்குக் குரல் தடித்துப்போகும், அது திரும்பாமலும் போகலாம். டப்பாவைக் குப்பையில் போட்டேன். மகன் இரண்டு நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

"எல்லாரும் போடுகிறார்கள், வேறு வழியில்லை" என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் எங்கள் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்து தங்கம் எடுத்தார், இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கம். பேனரில் முகம் வர வேண்டும் என்று பாய்ந்தவரா அவர்? இப்போது தேசிய மட்டத்தில் ஒரு மெடல் என்றால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தனி வாசல், படையணியில் வேலை, கொம்பனியில் வேலை. பாடசாலைக்கு அடுத்த வருட அனுசரணை. இத்தனை பேரின் பசியையும் ஒரு பெடியனின் தொடையில் ஏற்றிவிட்டு, அவன் விழுந்ததும் முகத்தில் விளம்பரம்.

நேற்றிரவு குழுவில் ஒரே ஒரு வரி கேட்டேன்: "கோச்சிடம் யாராவது பேசினீர்களா?" 41 பேர் பார்த்திருக்கிறார்கள். காலையில் ஒரு பதில் வந்தது. டின்னர் டான்ஸுக்கு இன்னும் சில டிக்கட் மிச்சம் இருக்கிறதாம்.