எந்த பின்னைச் சுத்தம் பண்ணினீர்கள்?

காரின் முன்சக்கர பிரேக் பேட் மாற்றுவது ஒரு பக்கத்துக்கு அரை மணி நேர வேலை. முதல் தடவை செய்கிறவருக்கு ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை, வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நான் தரையோடு தரையாகக் கிடந்தது பேடுக்காக இல்லை. அடுத்தவன் செய்யாத வேலைக்காக.

போன வாரம்தான் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். பிரேக் பிடித்தால் முன்பக்கம் கீச்சென்று கத்துகிறது என்று சொல்லித்தான் விட்டேன். சாயந்திரம் அட்வைசர் போன் செய்தார். "பேட் சுத்தமா போயிடுச்சு சார். டிஸ்க்கையும் சேர்த்து மாத்திடலாம், 17,400 ஆகும்." டிஸ்க்கை அளந்து பார்த்தீர்களா என்றேன். "பார்த்தாலே தெரியுது சார்" என்றார். அந்த ஞானக்கண் எனக்கு இல்லை. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வண்டியை எடுத்துவந்தேன். பில்லில் மட்டும் 'பிரேக் கிளீனிங், முன் மற்றும் பின்: 850' என்ற வரி பத்திரமாக இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து எந்த சர்வீஸ் பில்லிலும் விட்டுப்போகாத வரி அது.

சனிக்கிழமை உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டுக்குப் போய் பேட் செட் வாங்கினேன். 2,900 ரூபாய். கடைக்காரர் வண்டி எது, எத்தனை வருஷம் ஆச்சு என்று மட்டும் கேட்டார். "அண்ணே, இந்த காலிபர் பின் கிட்டையும் எடுத்துட்டுப் போங்க. கண்டிப்பா தேவைப்படும்." காலிபர் என்பது டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பேடை அழுத்துகிற கவ்வி, அது நகர்கிற தண்டுதான் பின். வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காத மனுஷன் சொன்னது இது.

சரி, ஞாயிறு. ஜாக்கி போடுவதற்கு முன்னால், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும். தளர்ந்தால்தானே! வண்டியோடு கொடுத்த ஸ்பேனரில் ஏறி நின்றேன். என் எடை 82 கிலோ. அசையவில்லை. நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பது 110 நியூட்டன் மீட்டர் பக்கம். ஏர் கன்னை வைத்து டுர்ர்ரென்று நாலு விநாடி அடிக்கிற ஆளுக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச்தான் சுவரில் ஆயுத பூஜைப் பொட்டோடு தொங்குகிறதே. கடைசியில் ஸ்பேனர் பிடியில் மூன்றடி ஜிஐ பைப்பைச் சொருகி இழுத்தேன். வாட்ச்மேன் பத்தடி தள்ளிப்போய் நின்றுகொண்டு, "சார், நட்டு உடைஞ்சிடப் போவுது" என்றார். உடையவில்லை, தோள்பட்டைதான் போனது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திண்டிவனம் தாண்டி பஞ்சர் ஆகியிருந்தால், குழந்தையை வைத்துக்கொண்டு பைப்புக்கு எங்கே போவேன்?

சக்கரத்தைக் கழற்றினேன், ஸ்டாண்ட் கொடுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்கிற வீரம் எனக்கு இல்லை. காலிபரின் கீழ் போல்ட்டை எடுத்து மேலே தூக்கி, பேட் இரண்டையும் உருவினேன். அங்கேதான் ரத்தம் கொதித்தது. வெளிப்பக்க பேடில் 6 மில்லிமீட்டர் மிச்சம். உள்பக்க பேடில் ஒன்றரை.

இந்த மாதிரி காலிபரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் உண்டு. அது உள் பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிபர் இரண்டு கைடு பின்கள் மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்துவந்து டிஸ்க்கில் அழுத்தும். பின் இறுகிவிட்டால் காலிபர் நகராது. உள் பேட் ஒண்டியாகத் தேய்ந்து சாகும். எனக்குக் கீழ் பின் கல்லாக இறுகியிருந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செங்காவித் துரு. 2023 டிசம்பர் மிக்ஜாமில் எங்கள் தெருவில் அரைச் சக்கரம் வரை தண்ணீர் நின்றதே, அப்போது புகுந்திருக்கும். புயலுக்கு அப்புறம் எத்தனை சர்வீஸ், எத்தனை 850! ஒருத்தன், ஒரே ஒருத்தன், அந்த போல்ட்டைக் கழற்றி பின்னை ஆட்டிப் பார்த்திருந்தால் போதும். கிரீஸ் வைக்க ஐந்து நிமிஷம் ஆகுமா? இவர்கள் பிரேக் கிளீனிங் என்று சொல்வது சக்கரத்தின் இடுக்கு வழியாக ஸ்ப்ரே அடிப்பதைத்தான் போல.

துருநீக்கி அடித்து, ஸ்பேனரால் முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாகத் திருகி அந்தப் பின்னை வெளியே எடுக்க ஒன்றே முக்கால் மணி நேரம். ஜி.பி. ரோட்டு அண்ணாச்சி நன்றாக இருக்கட்டும். புதுப் பின், புது உறை, சிலிகான் கிரீஸ். வீட்டில் கிடக்கிற சாதா கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பி மறுபடி இறுகிக்கொள்ளும்.

அப்புறம் அந்தப் 'பார்த்தாலே தெரிகிற' டிஸ்க். குறைந்தபட்சத் தடிமன் 26 மில்லிமீட்டர் என்று அதன் மேலேயே பொறித்திருக்கிறது. வெர்னியர் வைத்தேன். 27.2. கீறல்கூட இல்லை. இதையும் சேர்த்து மாற்றத்தான் 17,400 கேட்டார்கள்.

மற்ற வேலையெல்லாம் மளமளவென்று முடிந்தது. பிஸ்டனை சி கிளாம்ப் வைத்து உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன், பெயின்ட்டைத் தின்றுவிடும். இடப்பக்கத்தையும் முடித்துவிட்டு, பெடல் கெட்டியாகிற வரை மிதித்துக்கொண்டிருந்தபோது போன். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்கவில்லை. சர்வீஸ் எப்படி இருந்தது, பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று ஒரு பெண்.

"பிரேக் கிளீனிங்னு காசு வாங்கியிருக்கீங்களேம்மா, எந்த பின்னைச் சுத்தம் பண்ணாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் கீபோர்டு தட்டுகிற சத்தம்.

"அதுக்கு இங்க ஆப்ஷன் இல்லையே சார். பத்துன்னு போட்டுக்கட்டுமா?"